நேசமலர் சாட்சி சொன்ன வியாழக்கிழமை

பாட்டு முடிந்தால் ஜெபம், ஜெபம் முடிந்தால் அறிவிப்பு, அறிவிப்பு முடிந்தால் நான். இதை எத்தனையாவது தடவையாகச் சொல்லிக்கொள்கிறோம் என்று நேசமலருக்கே தெரியவில்லை. ஆலயத்துக்குப் பின்னால் இருந்த மன்றத்தில் நாற்பது பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். மூன்று மணி வெயில் கம்பி ஜன்னல் வழியாக வந்து முன்வரிசைக்காரர்களின் மடியில் கிடந்தது. மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை பாளையங்கோட்டையில் இந்தச் சபையின் பெண்கள் சங்கம் கூடும். யாராவது ஒருத்தி எழுந்து, கர்த்தர் தன் வாழ்க்கையில் செய்ததைச் சொல்ல வேண்டும். அதற்குச் சாட்சி என்று பெயர். இன்றைக்கு நேசமலரின் முறை. ஒடிசா மலையில் பன்னிரண்டு வருஷம் மிஷனரியாக இருந்துவிட்டு, புருஷனை அங்கேயே புதைத்துவிட்டு, பதினாறு மாதமாக அண்ணன் வீட்டு மாடியறையில் கிடக்கிறவள். ஊரார் அவளைப் பற்றி இப்படித்தான் சொல்வார்கள், கிடக்கிறாள் என்று. அது பொய்யில்லை. போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் அழைக்கிற சபை இது. புதிதாக வந்த ஐயரம்மா, முப்பது வயதுகூட இராது, நாலு தடவை மாடியேறி வந்து கேட்டிருந்தாள். "உங்க சாட்சி எங்களுக்கு எவ்வளவு பிரயோஜனமா இருக்கும் தெரியுமாக்கா? நொறுங்கிப்போனவங்க எத்தனை பேர் இருக்காங்க." நாலாவது தடவை மறுக்கத் தெம்பில்லாமல் நேசமலர் சரி என்றாள். தெம்பில்லாததால்தானா. தபால் வந்த மறுநாள் அல்லவா அது. தபாலை நினைக்கக் கூடாது. இப்போது கூடாது. மடியில் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பார்த்தாள். ஒன்றரைப் பக்கம். நாலு தடவை எழுதி, நாலாவதைத்தான் கொண்டுவந்திருந்தாள். தேவனுடைய பெரிதான கிருபையால் என்று ஆரம்பிக்கும். முதல் பாராவில் பாவூர்சத்திரத்தில் பிறப்பாள், இரண்டாவதில் நர்ஸ் படிப்பாள், தவசீலனைக் கல்யாணம் செய்துகொண்டு மலைக்குப் போவாள். மூன்றாவதில் அவரைக் கர்த்தர் தம்மிடம் அழைத்துக்கொள்வார். அழைத்துக்கொண்டார். அந்த வார்த்தையில் கண் ஒவ்வொரு தடவையும் இடறியது. யாரும் அழைக்கவில்லையே. அவள் பக்கத்தில்தான் இருந்தாள். எந்தக் குரலும் கேட்கவில்லை. கட்டில் கால் தரையில் தட்டுகிற சத்தம்தான் கேட்டது.

இப்போதும் கேட்கிறது. பாட்டுக்கு அடியில், கைத்தாளத்துக்கு அடியில், டக் டக் டக் என்று. பின்வரிசையில் யாரோ நாற்காலியை ஆட்டுகிறார்கள், வேறொன்றுமில்லை, திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. திரும்பினால் கால்கள் தெரியும். கொஞ்ச நாளாக அப்படித்தான். முகம் வருவதில்லை. தவசீலனின் முகத்தை நினைக்க முயன்றால் ஆதார் அட்டையில் இருக்கிற முகம்தான் வருகிறது. ஆனால் கால்கள் மட்டும் எங்கே வேண்டுமானாலும் வந்துவிடும். மாடிப்படியின் திருப்பத்தில், ரேஷன் கடை மூட்டைகளுக்கு நடுவில், சாம்பல் நிறக் கம்பளிக்கு வெளியே நீட்டிக்கொண்டு, உள்ளங்காலில் காய்ந்த செம்மண்ணோடு. குளிரில் நடுங்குகிற மனுஷனுக்குக் கம்பளி பற்றவில்லை. தலையை மூடினால் கால் வெளியே, காலை மூடினால் தோள் வெளியே. அவள் கோணிச் சாக்கை எடுத்துக் கால்மேல் போட்டாள். ஈரச் சாக்கு. அந்த மழையில் எதுதான் காய்ந்திருந்தது. கட்டில் தட்டத் தட்ட அவள் லாந்தர் வெளிச்சத்தில் அடுத்த வாரத்துக்கான தடுப்பூசிக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தாள். எழுதிக்கொண்டிருந்தாள், அதுதான். நாமம் மகிமைப்படட்டும் என்று பாட்டு நின்றது. யாரோ இருமினார்கள். ஐயரம்மா கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினாள். உடைந்ததை எடுத்துக் கட்டுகிறவரே, ஒடுங்கின ஆவியைத் தேற்றுகிறவரே. உண்மையாகத்தான் ஜெபிக்கிறாள், பாவம், நல்ல பெண். நேசமலரும் கண்ணை மூடினாள். மூடியிருக்கக் கூடாது. மூடியதும் அந்த மனுஷன் கம்பளிக்குள்ளிருந்து பேசிவிட்டார். மலரு, இந்தத் தடவை வேற மாதிரி இருக்குட்டி. அதற்கு அவள் சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை இந்த நாற்பது பேரும் அறியமாட்டார்கள், அண்ணன் அறியமாட்டான், மிஷன் ஆபீசில் யாரும் அறியமாட்டார்கள். காகிதத்தில் அது இல்லை. எல்லாத் தடவையும் இதத்தான சொல்லுதீங்க. ஒவ்வொரு மழைக்கும் ஒரு காய்ச்சல். காலையில பாப்போம்.

காலையில பாப்போம். ரெண்டே வார்த்தை. குறை சொல்ல என்ன இருக்கிறது அதில்? எந்த வீட்டிலும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வதுதானே. பருப்பு தீர்ந்துவிட்டதா, காலையில பாப்போம். கதவு கிறீச்சிடுகிறதா, காலையில பாப்போம். ஆனால் நேசமலர் நர்ஸ். பன்னிரண்டு வருஷத்தில் அந்த மலைக்காய்ச்சலை நூற்றுக்கணக்கான உடம்புகளில் பார்த்தவள். கண்ணிமையை இழுத்துப் பார்த்தே சொல்லிவிடுவாள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிக்கிற அட்டை அலமாரியில் இரண்டு இருந்தது, இரண்டு. வேறு யாராவது அந்தக் கட்டிலில் கிடந்திருந்தால் குத்தியிருப்பாள். அவர் என்பதால் குத்தவில்லை. தவசீலன் காய்ச்சல் என்றால் மூன்று நாள் முனகிவிட்டு நாலாவது நாள் எழுந்து கருவாட்டுக் குழம்பு கேட்கிறவர், அவ்வளவுதான் என்று நினைத்தாள். களைப்பாகவும் இருந்தது. அன்றைக்கு மத்தியானம் பேச்சுவாக்கில் சின்னச் சண்டைவேறு. எதற்கு என்று இன்றுவரை ஞாபகமில்லை. விடிந்து பார்த்தபோது அவர் அவளை அம்மா என்று கூப்பிட்டார். பாவூர்சத்திரம் பஸ் போயிட்டாம்மா என்றார். கண் மஞ்சளாக இருந்தது. நாலு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஒன்பது கிலோமீட்டர் இறங்கினார்கள். அவள் பின்னாலேயே ஓடினாள். ஐந்தாவது கிலோமீட்டரில் ஓடை. தண்ணீர் வடியட்டும் என்று கட்டிலைப் பாறைமேல் இறக்கினார்கள். தண்ணீர் வடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முன்னால் நின்றவன் தலைத்துண்டை அவிழ்த்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. அதுவரை அவள் அவருடைய காலில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமென்" என்றார்கள் எல்லோரும். அறிவிப்பு வாசிக்கச் சங்கத்துச் செயலாளர் பியூலா அக்கா எழுந்தாள். தபால் ஆபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள், பேச்சும் முத்திரை குத்துகிற மாதிரிதான் இருக்கும். அறுப்பின் பண்டிகைக்குக் காய்கறி கொண்டுவருகிறவர்கள் சனிக்கிழமை மாலையே கொண்டுவந்துவிட வேண்டும், போன தடவை மாதிரி முளைவிட்ட உருளைக்கிழங்கு வேண்டாம். சிரித்தார்கள். நேசமலரும் சிரிக்கிற மாதிரி உதட்டை வைத்துக்கொண்டாள். அவர் செத்துப்போன பிறகு எத்தனை பேர் வந்து என்னென்ன சொல்லிவிட்டார்கள். தேவ சித்தம் என்றார்கள். உங்க வீட்டுக்காரர் விதையா விழுந்திருக்காரு, அறுவடை வரும் பாருங்க என்றார் ஒருவர். அந்த விதைக்கு மண்ணைத் தள்ளியது யார் என்று தெரியாமல். இவருக்கு ஓய்வு, உங்களுக்குப் புது ஊழியம், ஒரு கதவு அடைஞ்சா ஆண்டவர் வேற வழி வைக்காமலா இருப்பாரு என்றாள் அண்ணி. அந்தச் சொற்களில் ஒன்றும் தப்பில்லை, வேறு யாருக்காவது அவை அப்பமாகவே இருக்கும். அவள் வாய்க்குள் மட்டும் போகமாட்டேன் என்றன. தூங்கி எழுந்தால் முதலில் நினைவுக்கு வருவது வேதமல்ல, அந்த அஸ்திவாரக் குழி. ஆறு கட்டில் போடுகிற அளவுக்கு ஒரு சின்ன வைத்தியசாலை. கல்யாணமாகி முதல் மாதத்தில் தவசீலன் காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்தது. இதில பிரசவ அறை, இந்த ஜன்னல் கிழக்கே, காலை வெயில் பிள்ளை மேல விழணும் பாத்துக்கோ. பதினோரு வருஷம் அந்தத் தாள் டிரங்குப் பெட்டியில் இருந்தது. போன வருஷத்துக்குமுந்திய கோடையில்தான், இல்லை, போன வருஷக் கோடையில், பதினெட்டு மாதம்தான் ஆகிறது, ஊரே சேர்ந்து அஸ்திவாரம் தோண்டியது. ஜூன் மாதம் மழை அதை நிரப்பியபோது அவர் இல்லை. அடக்கம் முடிந்த நாலாம் நாள் நேசமலர் ஜீப்பில் ஏறிவிட்டாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அடிபம்பு பக்கத்தில் சுக்மதி நின்றுகொண்டிருந்தாள், எட்டு மாத வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு. உன் பிள்ளையை நான்தான் எடுப்பேன் என்று அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சொல்லியிருந்தாள் நேசமலர். ஜீப் திரும்பும்போது தலையைக் குனிந்துகொண்டாள். சுக்மதி கூப்பிடவும் இல்லை.

கூப்பிட்டிருந்தால் இறங்கியிருப்பாளா. தெரியாது. சுக்மதி வாயாடி. மாலையில் இலுப்பை மரத்தடியில் தவசீலன் கதை சொல்லும்போது குறுக்கே பேசுவது அவள்தான். ஒரு நாள் கடற்கரைக் கதை. மலையை விட்டு இறங்காதவர்களுக்குக் கடல் என்றால் என்ன என்று விளக்கவே அவருக்கு அரைமணி நேரம் பிடித்தது. நேசமலர் ஒரு கிழவரின் காலில் கட்டுப் போட்டுக்கொண்டே பாதி கேட்டாள், பாதி கேட்கவில்லை. ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போன சமயத்தில், குளிருக்குத் தீக்காய்ந்துகொண்டே, அவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று தரம் சொல்லிவிட்ட சீஷன். எல்லாம் முடிந்துபோயிற்று என்று பழையபடி மீன்பிடிக்கப் போய்விட்டான். விடியும்போது கரையில், சிலுவையில் செத்து உயிரோடு எழும்பின ஆண்டவர் நிற்கிறார், கரி நெருப்பில் மீன் வெந்துகொண்டிருக்கிறது. சுக்மதி நிறுத்தினாள். செத்து எழும்பின மனுஷன் அடுப்பா மூட்டினார்? ஆமா என்றார் தவசீலன். எதற்கு? அவங்களுக்குப் பசி, ராத்திரி முழுக்க ஒரு மீனும் கிடைக்கல, அதான். ஊரே சிரித்தது. மீனை யார் கழுவினது என்று கேட்டாள் சுக்மதி. சிரிப்பு அடங்கியபிறகு, அந்த மறுத்த ஆளை என்ன செய்தார், அடித்தாரா என்று கிழவர் கேட்டார், காலை நேசமலரின் மடியில் வைத்துக்கொண்டே. இல்லை என்றார் தவசீலன். ஏன் அப்படிச் செஞ்சேன்னு ஒரு தரங்கூட கேக்கல. முதல்ல சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டு முடிச்ச பிறகு, என்மேல பிரியம் இருக்கான்னு கேட்டார், மூணு தரம் கேட்டார். அப்புறம் ஒரு வேலையைக் கொடுத்தார். கிழவர் யோசித்துவிட்டு, அவனுக்கு அந்த மீன் தொண்டையில் இறங்கியிருக்காது என்றார். இதெல்லாம் ஏன் இப்போது. தபாலை மறைக்கத்தான். மலையில் கூட வேலை செய்த ஐசக் தம்பி எழுதியது, பதினாறு மாதத்தில் முதல் தடவையாக. அக்கா, சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை. போன வருஷம் ஜூலையில் சுக்மதிக்குப் பிள்ளை குறுக்கே கிடந்து, இரண்டு நாள் பாடுபட்டு, பிள்ளை நிற்கவில்லை, அவள் பிழைத்துக்கொண்டாள். இப்போது மறுபடி நாலு மாதம். நீங்கள் எப்போது வருவீர்கள் என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். அந்தத் தபாலைப் படித்த ராத்திரி முதல் கம்பளிக்கு வெளியே தெரிகிற கால்களுக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. துணியில் சுற்றிய சின்னதாக ஒன்று. அதற்கும் முகம் இல்லை.

"இப்ப நம்ம நேசமலர் சிஸ்டர் சாட்சி சொல்லுவாங்க" என்றாள் ஐயரம்மா.

எழுந்தாள். மைக்கின் உயரம் சரியில்லை, பியூலா அக்கா வந்து இறக்கிவிட்டாள். காகிதத்தைப் பிரித்தாள். தேவனுடைய பெரிதான கிருபையால் என்று தன் குரல் ஸ்பீக்கரில் வருவதைக் கேட்டாள். நல்ல குரல்தான், தைரியமான குரல், யாரோ ஒருத்தியின் குரல். பாவூர்சத்திரத்தில் பிறந்தாள். நர்ஸ் படித்தாள். மலைக்குப் போனாள். முன்வரிசையில் தலைகள் ஆடின, ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றார்கள். மூன்றாவது பாராவுக்கு வந்ததும் எழுத்து எழுத்தாகத் தெரிந்ததே தவிர வார்த்தையாகச் சேரவில்லை. காகிதத்தை மடித்துவிட்டு, மைக்கை விட்டு விலகி நின்று, அவள் தன் சொந்தக் குரலில் பேசினாள்.

"இவுக சாகும்போது நான் பக்கத்துலதான் இருந்தேன். முந்தின நாள் ராத்திரியே சொன்னாக, இது வேற மாதிரி இருக்குன்னு. நான் நர்ஸ். நான் பாத்திருக்கணும். காலையில பாப்போம்னு சொல்லிட்டேன். அலமாரியில அட்டை இருந்தது. நான் எடுக்கல."

யாரோ பழக்கத்தில் ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள்.

"அப்புறம் நான் அங்க இருக்கல. ஓடி வந்துட்டேன். சுக்மதின்னு ஒரு பிள்ளைத்தாச்சி, அவ பிரசவத்தப் பாக்கேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். அவ பிள்ளை செத்துப்போச்சு. இப்ப திரும்ப மாசமா இருக்காளாம். என்ன வரச் சொல்லுதா. இதுல எது சாட்சின்னு எனக்குத் தெரியல. கர்த்தர் என்ன செஞ்சாருன்னு நீங்க எதிர்பாக்கிறீங்க. நான் செஞ்சதுதான் எனக்குத் தெரியுது. அவ்வளவுதான்."

ஐயரம்மா நிகழ்ச்சித் தாளைப் பார்த்தாள், நேசமலரைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. இதற்கு அடுத்ததாக நன்றியுரை என்று போட்டிருந்தது. சொல்லிவிட்டோம், இனி இந்த ஊரிலும் இருக்க முடியாது, எங்கே போவது, அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது என்று நேசமலரின் மனசு அதன்பாட்டுக்கு ஓடத் தொடங்கியிருந்தபோது பியூலா அக்காவின் குரல் வந்தது, கவுண்ட்டருக்குப் பின்னாலிருந்து கேட்கிற குரல்.

"நேசம். அந்தப் பொம்பளைக்கு எப்ப நாளு?"

"என்னக்கா?"

"சுக்மதிக்கு. நாலு மாசம்னியே. எப்ப நாளு?"

"மார்ச்."

"மார்ச்" என்று பியூலா அக்கா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எழுதினாள், உண்மையாகவே. "இது அக்டோபரு. போன தடவை குறுக்க கிடந்ததுன்னா இந்தத் தடவை முன்னாலயே பாக்கணுமா, என்ன?"

"ஏழாவது மாசத்துக்குள்ள பாக்கணும். கீழ ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்கணும். கடைசி மாசம் அவள மலையில வச்சிருக்கக் கூடாது." வாய் அதுவாகச் சொன்னது.

"அப்ப ஜனவரிக்குள்ள நீ அங்க இருக்கணும். தனியாப் போகாண்டாம், யாரையாவது கூட அனுப்புதோம்." அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "மத்தத நாங்க யாரும் கேக்க மாட்டோம், நேசம். எங்கள்ல ஒவ்வொருத்திக்கும் ஒரு ராத்திரி இருக்கு. வெளிய சொன்னதில்ல. உக்காரு. டீ ஆறிப்போகுது."

அது ஆறுதலா என்று நேசமலருக்குத் தெரியவில்லை. யாரும் வந்து கட்டிப்பிடிக்கவில்லை, நல்ல காலம். ஐயரம்மா மட்டும் பக்கத்தில் வந்து, ஒரு தட்டில் இரண்டு வடையை வைத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நேசமலர் ஒரு வாய் தின்றாள். தொண்டையில் இறங்கவில்லை. இன்னொரு வாய் தின்றாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கட்டில் சத்தம் நின்றுவிடவில்லை. கேட்டுக்கொண்டேதான் இருந்தது, ஆனால் அதன் மேல் இன்னொரு கணக்கும் ஓடியது. அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஸ்கேனுக்கு எந்த ஊர், சாலைவரைக்கும் அவளை நடக்கவிடலாமா. ஜனவரி என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பயமாக இருந்தது. அந்த ஓடையைத் தாண்டாமல் அந்த ஊருக்குப் போக முடியாது. பாறை அங்கேயேதான் இருக்கும். தாண்டத்தான் வேண்டும். மன்னிப்பு என்றால் பாறை இல்லாமல் போய்விடுவது என்று இத்தனை மாதமும் நினைத்திருந்தாளோ. போகும் என்று காத்துக்கொண்டா கிடந்தாள்.

எல்லோரும் கலைந்துகொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் தன் மருமகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். மருமகளுக்கு இருபத்துமூன்று வயது இருக்கலாம், ஏழு மாத வயிறு, சுகிர்தா என்று பெயர். "சிஸ்டர், இவளுக்கு ரெண்டு நாளா தலைவலி. நாளைக்கு செக்கப் இருக்கு, அப்ப கேட்டுக்கிடலாம்னு இருந்தோம். நீங்க நர்ஸுன்னு சொன்னீங்களா, அதான்." நர்ஸுன்னு சொன்னீங்களா. இப்படியும் காதில் விழுமா அது. நேசமலர் அவள் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே ஊதியிருந்தது. மோதிரம் விரலில் இறுகிக்கிடந்தது. "கண்ணுக்கு முன்னால ஏதாச்சும் மின்னுதாம்மா?" என்று கேட்டாள். "ஆமாக்கா, பூச்சி பறக்கிற மாதிரி. உங்களுக்கு எப்படித் தெரியும்?" நேசமலர் தரையில் உட்கார்ந்து, அவள் சேலையைக் கொஞ்சம் விலக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். குழி விழுந்தது, எழும்பவே இல்லை. பதினாறு மாதமாக இன்னொரு உடம்பைத் தொடாத விரல் அது. இல்லாததைப் பார்க்கிறேனா. பயத்தில் எல்லாமே ஆபத்தாகத் தெரிகிறதா. ஆஸ்பத்திரியில் சிரிப்பார்களோ. சிரிக்கட்டும்.

"ஆட்டோ கூப்பிடுங்க" என்றாள்.

"நாளைக்குத்தான் டாக்டரம்மா..."

"இப்பப் போகணும். வீட்டுக்குப் போய் எதையும் எடுக்க வேண்டாம். நானும் வாரேன்."

ரயில்வே கேட் அடைத்திருந்தது. ஆட்டோவில் மாமியார் சத்தமாக ஜெபித்துக்கொண்டே வந்தாள். நேசமலரால் ஜெபிக்க முடியவில்லை. பெண்ணின் நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தாள், ஐம்பது, ஐம்பத்தொன்று. ஒருவேளை இப்படி எண்ணுவதும் ஜெபம்தானோ என்று ஒரு எண்ணம் வந்தது, அதைப் பிடித்து வைத்துக்கொள்ள நேரமில்லாமல் கேட் திறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர் பெண் மறுபடி ஒருமுறை பார்த்தாள், உடனே ஊசியைத் தயார் செய்யச் சொன்னாள். மாமியாரைப் பார்த்து, "ராத்திரி வீட்டுல இருந்திருந்தா வலிப்பு வந்திருக்கும். அம்மா, பிள்ளை ரெண்டும் ஆபத்துலதான் இருக்கு, பாத்துக்கிட்டே இருக்கணும், ஆனா நேரத்துக்கு வந்துட்டீங்க" என்றாள். நேரத்துக்கு. நேசமலர் சுவரில் சாய்ந்துகொண்டாள். மகிழ்ச்சி வரும் என்று ஒரு கணம் காத்திருந்தாள். வரவில்லை. இது அதற்கு ஈடாகாது. எதுவும் எதற்கும் ஈடாகாது, அவர் அங்கே மண்ணுக்குள் இருக்கிறார், சுக்மதியின் பிள்ளையும் இருக்கிறது, இந்தப் பெண் இங்கே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள். மூன்றும் உண்மை. ஒன்றை ஒன்று அழிக்கவில்லை. அழுகை வந்தது. அதை அவள் தடுக்கவில்லை, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆண்டவரே என்றாள், அதற்கு மேல் வாக்கியம் இல்லை. பதினாறு மாதத்தில் காகிதத்தில் எழுதிப் பார்க்காமல் வாயிலிருந்து வந்த முதல் ஜெபம் அது.

உள்ளே சுகிர்தாவுக்கு நரம்பு கிடைக்காமல் சின்ன நர்ஸ் இரண்டு இடத்தில் குத்திவிட்டாள். "மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேல, வெளிப்பக்கமாப் பாருங்க" என்றாள் நேசமலர், வாசலில் நின்றபடியே. கிடைத்தது. விளக்கைக் குறைத்துவிட்டு, யாராவது ஒருத்தர்தான் கூட இருக்கலாம், பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனாள். மாமியார், மகனுக்குப் போன் செய்யப் போனவள், திரும்பவில்லை. வெளியே வெயில் இறங்கியிருந்தது. அண்ணன் தேடுவான். நேசமலர் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அக்கா" என்றாள் சுகிர்தா, கண்ணைத் திறக்காமலே. "நீங்க போயிராதீங்க."

நேசமலர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.